அச்சில் முளைத்த மீசை

ஜீவனஹள்ளியில் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் வேலை முடித்து அலுத்து வருகிறவர்கள். அவர்களிடம் 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட்' என்று ஆரம்பித்தால் கொட்டாவிதான் பதில். அதனால் புரோகிராம் எழுதித் திரையில் படம் போட வைத்தேன். ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு: முகம். முகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதிவைப்பது அச்சு, அதாவது கிளாஸ். அதிலிருந்து வார்த்தெடுக்கும் ஒவ்வொரு முகமும் ஓர் ஆப்ஜெக்ட்.

எங்கள் வில்லன் பாடகர் குழு. அவர்களுக்கும் பயிற்சிக்கு அதே சனிக்கிழமைதான் வேண்டுமாம். கூடத்தை யாருக்குக் கொடுப்பது என்பது ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர் ஒருவரின் கையில். எல்லாருக்கும் அவர் 'மிஸ்'.

"நீங்க என்ன சொல்லித் தர்றீங்கன்னு எனக்குப் புரியணும். இல்லன்னா பாட்டாவது புரியும், அவங்களுக்கே குடுத்துடுவேன்" என்றார்.

மிஸ் பார்க்க வரும் நாளுக்காக ஆளுக்கொரு முகம் வரைந்தோம். ஐஸ் வைக்க வேண்டாமா? மிஸ்ஸுக்கும் ஒன்று, கண்ணாடியோடு. சிவாஜிநகர் துணிக்கடையில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர், நல்ல மீசைக்காரர், கடைசி நேரத்தில் அடம்பிடித்தார். "மீசை இல்லாட்டி அது நான் இல்ல மேடம்." சரி, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கே வைக்கிறார் என்று பார்க்கவில்லை.

மிஸ் வந்து உட்கார்ந்தார். திரையில் முகங்கள் வந்தன. எனக்கு மீசை. வகுப்புக்கு வரும் நர்ஸ் அக்காவுக்கு மீசை. கண்ணாடிக்குக் கீழே மிஸ்ஸுக்கும் முறுக்கு மீசை. வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாடகர் குழு சுருதி சுத்தமாகச் சிரித்தது.

"எனக்கு ஏம்பா மீசை?"

துணிக்கடைக்காரர் எழுந்து நின்றார். "என் முகத்துல வெக்க வேண்டியத அச்சுல வெச்சுட்டேன் மிஸ்."

மிஸ் திரையையே பார்த்தார். "அப்போ அச்சுல எடுத்தா எல்லாருக்கும் போயிடும். உனக்கும் போயிடும். உனக்கு மட்டும் தனியா வெக்கணும், அவ்ளோதானே?"

வாரக்கணக்கில் நான் தொண்டை கிழியச் சொன்ன பாடம் அது. எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. துணிக்கடைக்காரர் அவசரமாகத் திருத்தினார். எங்கள் முகங்களில் எல்லாம் மீசை மறைந்து, அவருடையதில் மட்டும் நின்றது.

மிஸ் கையை உயர்த்தினார். "இரு, எனக்கும் தனியா ஒண்ணு வெச்சுடு." பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை கூடம் வேணும்னு கேக்கறவங்க இனிமே இந்த மீசைகிட்ட வந்து கேக்கட்டும்."