ரீடேக் பொத்தான்

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மென்பொருள் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் இரண்டே பேர்: மேலாளர் ஒருவர், நான் ஒருத்தி. எங்கள் உற்பத்தி லைனின் கடைசியில் ஒரு கேமரா இருக்கிறது. பாகம் அங்கே வந்ததும் அது படம் எடுக்கும். ஆபரேட்டருக்கென்று அருகில் சில பொத்தான்களும் உண்டு. படம் நான் எழுதிய வெப் சர்வீஸுக்கு வரும். சர்வீஸ் அதைச் சரிபார்த்து ஓகே சொன்னால் ஸ்டிக்கர் அச்சாகும். ஆபரேட்டர் ஒட்டிப் பெட்டியில் வைப்பார். ஸ்டிக்கர் இல்லாமல் ஒரு பாகமும் வெளியே போகாது.

அதனால் என் சர்வீஸ் நின்றால் லைனும் நிற்கும். சிவப்பு விளக்கு எரியும். மேலே ஸ்பீக்கரில் ஒரு மெட்டு ஓட ஆரம்பித்து, யாராவது வந்து சரிசெய்யும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மெட்டு படப்பையில் என் வீட்டில் பாத்திரம் துலக்கும்போதும் காதில் ஒலித்திருக்கிறது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. புது மாடல் ஒன்று வந்தபோது அவசர அவசரமாகச் சில மாற்றங்கள் செய்தேன். அதற்குப் பிறகுதான் தொல்லை. காலையில் வேகமாக இருக்கும் சர்வீஸ் மதியத்துக்குள் மூச்சு வாங்கும், பிறகு அசையாமல் நின்றுவிடும். கணினியின் மெமரி வரைபடத்தைப் பார்த்தேன். மெமரி படிப்படியாக ஏறிக்கொண்டே போனது, இறங்கவே இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் புரோகிராம் கொஞ்சம் மெமரியை எடுத்துக்கொள்ளும், முடிந்ததும் விட்டுவிட வேண்டும். எங்கோ ஓர் இடத்தில் என் புரோகிராம் எடுத்ததை விடாமல் வைத்திருந்தது. இதை மெமரி லீக் என்பார்கள். பெயர் தெரிந்திருந்தது, இடம் தெரியவில்லை.

மூன்று நாள் தேடினேன். பிறகு பலரும் செய்வதையே நானும் செய்தேன். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சர்வீஸை ஒருமுறை நிறுத்தி ஓடவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. மெமரி மறுபடி அடியிலிருந்து தொடங்கும். யாருக்கும் தெரியாது.

ஆனாலும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போதும் போனில் மெமரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்றே பார்ப்பேன். அறுபது சதவீதம். அறுபத்திரண்டு. ஆட்டோ ஒரகடம் மேம்பாலத்தை நெருங்குவதற்குள் எழுபது. "சாப்பிடும்போதாவது அத கீழ வை" என்பார் கணவர். வைப்பேன், ஒரு வாய் சாப்பிடுவேன், மறுபடி எடுப்பேன்.

சில வாரங்களில், ஷிஃப்ட் முடிவதற்கு முன்பே நிற்கத் தொடங்கியது. எல்லா நாளும் இல்லை. ஒரு வாரம் காலை ஷிஃப்டில், அடுத்த வாரம் மதிய ஷிஃப்டில். கூட்டத்தில் உற்பத்தி மேலாளர் காரணம் கேட்டார். லைன் சூப்பர்வைசர் முந்திக்கொண்டார்.

"அந்தம்மா ஷிஃப்ட்ல மட்டும்தான் சார் நிக்குது. அவங்க ஷிஃப்ட் மாறினா, நிக்கிற நேரமும் கூடவே மாறுது."

அந்தம்மா என்றது கேமரா அருகே நிற்கும் ஆபரேட்டரை. பிள்ளைப்பாக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். நான் பதிவுகளைப் பார்த்தேன். சூப்பர்வைசர் சொன்னது பொய்யில்லை. அவருடைய லாகினிலிருந்து மட்டும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு படங்கள் வந்திருந்தன. மூன்று வாரமாக விடை இல்லாமல் தவித்தவளுக்கு ஒரு விடை கையில் வந்து விழுந்தது போலிருந்தது. அன்றே சூப்பர்வைசர் உட்பட எல்லாப் பிரிவுக்கும் மெயில் எழுதினேன்: "குறிப்பிட்ட ஓர் ஆபரேட்டர் ஏதோ ஒரு பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது காரணமாக இருக்கலாம்."

'இருக்கலாம்' என்றுதான் எழுதியிருந்தேன். மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் நடக்கும் கூட்டத்தில், லைன் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சூப்பர்வைசர் அதைச் சொன்னபோது அந்தச் சொல் இல்லை. "சிஸ்டத்த ஹேங் பண்றது யாருன்னு ஐ.டி.யே சொல்லிட்டாங்க" என்றார். அந்த அக்காவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

அதன் பிறகு ஒன்பது நாள் லைன் ஒருமுறைகூட நிற்கவில்லை.

"பார்த்தீங்களா, பிரச்சினை முடிஞ்சிது" என்றார் என் மேலாளர். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வரைபடத்தில் அதே படிகள் இருந்தன. ஏற்றம் மட்டும் மெதுவாகியிருந்தது, உச்சியைத் தொடும் முன் என் ரீஸ்டார்ட் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். அப்படியே விட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. தண்ணீர் கேன்வரை போவேன், தாகமில்லாமல் ஒரு தம்ளர் குடிப்பேன், திரும்பி வருவேன். ஒருவர் பொத்தானை எத்தனை முறை அழுத்தினால் என்ன, புரோகிராம் அல்லவா தாங்க வேண்டும்?

பத்தாம் நாள் டீ நேரத்தில் பேக்கிங் பக்கம் போனேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அக்கா மட்டும் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம். லைன்ல இருந்தப்போ நீங்க எந்தப் பொத்தான அடிக்கடி அழுத்துவீங்க?"

அவர் நிமிரவில்லை. "இன்னா மேடம், இன்னொரு மெயில் போடணுமா?"

"இல்லக்கா. எனக்குத் தெரியணும்."

டேப்பை அறுத்துவிட்டுத்தான் பேசினார். "ரீடேக்தான். பீஸ் மேல ஆயில் கீதுன்னா லைட்டு பட்டு படம் வெள்ளையா வருது. கிராக் இருந்தாலும் தெரியாது. தொடச்சிட்டு ரீடேக் அடிப்பேன். ரெண்டு வாட்டி. சில பீஸுக்கு நாலு வாட்டி."

"மத்தவங்க?"

"மெஷின் ஓகேன்னா ஓகேன்னு வுட்ருவாங்க. நான் வுடமாட்டேன். பிரேக்கு மேடம் அது. எங்க வூட்டுக்காரரும் வண்டிதான் ஓட்றாரு." பிறகு முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "அந்தப் பொத்தான நீங்கதான வெச்சீங்க? அழுத்தறதுக்குத்தான வெச்சீங்க?"

ஏறக்குறைய ஓடித்தான் என் இடத்துக்கு வந்தேன்.

ரீடேக் பகுதி, புது மாடல் வந்த அவசரத்தில் நான் எழுதியது. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட வேண்டியிருக்கலாம் என்று, பழையதை ஒரு பட்டியலில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். ஸ்டிக்கர் அச்சானதும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அந்த வரியை எழுதவே இல்லை. ரீடேக் அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு முழுப் படம் உள்ளேயே தங்கிவிட்டது. சோதனைக் கணினியில் இருநூறு முறை ரீடேக் ஓட்டிப் பார்த்தேன். எண் ஏறியது, இறங்கவில்லை. விட்டுப்போன வரியை எழுதி மறுபடி ஓட்டினேன். ஏறியது, கொஞ்ச நேரத்தில் இறங்கியது. கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட இல்லை. கவனமாக வேலை செய்த ஒரே ஆளை, அந்தக் கவனத்துக்காகவே நான் காட்டிக் கொடுத்திருந்தேன்.

மேலாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவரில்லை. "சரி பண்ணிட்டீங்கல்ல, விடுங்க. வேகத்தைக் கூட்ட சின்ன மாற்றம் செஞ்சோம்னு போட்டுருங்க. பழச எதுக்குக் கிளறணும்?" என்றார். அவர் சொன்னபடியே ஒரு மெயில் எழுதினேன். அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி, முதல் மெயில் போன அத்தனை பேருக்கும் அனுப்பினேன். என் மேலாளர் அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை.

மாலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன். "தப்பு என்னோடதுதான். எல்லாருக்கும் மெயில் போட்டுட்டேன்" என்றேன்.

"மெயில நான் பாத்தனா, எங்க ஆளுங்க பாத்தாங்களா? அன்னிக்கு மீட்டிங்ல அத்தன பேருக்கும் கேக்கற மாதிரிதான சொன்னாரு? சொல்றதுன்னா அங்க வந்து சொல்லுங்க." பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை சீக்கிரமே போய் லைன் கூட்டத்தில் நின்றேன். சூப்பர்வைசருக்குப் பிடிக்கவில்லை. "எதுக்கு மேடம், நானே சொல்லிக்கிறேன்" என்றார். "நான்தான் சொல்லணும்" என்றேன். லைன் நின்றதற்குக் காரணம் நான் எழுதிய புரோகிராமில் இருந்த பிழை, அக்கா ரீடேக் அழுத்தியது சரி, அவர் மேல் பழி வந்ததற்கு நான் எழுதிய மெயில்தான் காரணம் என்று சொன்னேன். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். சூப்பர்வைசர் பாதுகாப்பு உறுதிமொழியைப் படிக்கத் தொடங்கினார்.

தரப் பிரிவு அதிகாரி என் மெயிலைப் படித்துவிட்டு, யார் யார் எத்தனை ரீடேக் எடுக்கிறார்கள் என்று கணக்கு கேட்டார். மற்றவர்கள் ஏறக்குறைய எடுப்பதே இல்லை. படம் வெள்ளையாக வந்தால் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் உத்தரவு வந்தது. அக்காவை லைனுக்குத் திரும்ப அழைத்தார்கள். "உன்னாலதான் எங்களுக்கும் இந்த வேல" என்று கூட நின்றவர்கள் முணுமுணுத்ததாகக் கேள்விப்பட்டேன். அவர் பாட்டுக்குப் பாகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

என்னிடம் அவர் பேசவில்லை. லைன் பக்கம் போனால் தலையைக்கூட அசைக்கமாட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு மாதம் கழிந்திருக்கும், ஒருநாள் கேமரா அருகே கடந்து போகும்போது கூப்பிட்டார்.

"மேடம், இந்த லைட்ட கொஞ்சம் சாய்ச்சி வெச்சா படம் வெள்ளையா வராது. யாராண்ட சொல்றது?"

"எங்கிட்ட சொல்லுங்க."

"உங்களாண்டதான் சொல்லிகினு கீறேன்."

பராமரிப்பு ஆட்களை அப்போதே போய்க் கூட்டிவந்தேன். அவர் கையால் காட்டிய கோணத்தில் விளக்கைச் சாய்த்தார்கள். எண்ணெய் படிந்த ஒரு பாகத்தை வைத்து அக்கா படம் எடுத்தார். திரையில் விளிம்பு வரை தெளிவாக விழுந்தது. நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். பிறகு அவர் அந்தப் பாகத்தை எடுத்துத் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் வைத்தார்.