தேங்காய் எண்ணெய் குடித்த தையல் மெஷின்

மீமிசலில் எங்கள் வீதிக்கு முதலில் வந்த தையல் மெஷின் என்னுடையதுதான். கல்யாணத்துக்கு என் அத்தா கொடுத்த சீர் அது. எழுத்தை இன்னமும் கூட்டிக் கூட்டித்தான் படிக்கிறேன். மெஷின் ஒரே வாரத்தில் எனக்கு வசப்பட்டது.

தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீடு போயிருந்தபோது, கடல்காற்றில் மெஷின் துருப்பிடித்துவிடுமே என்று என் வீட்டுக்காரரைப் பெற்ற மாமிக்குக் கவலை. தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை, ஓட்டை கண்ட இடமெல்லாம் ஊற்றியிருக்கிறார். பிள்ளையோடு நான் திரும்பியபோது எண்ணெய் பிசினாக இறுகி, கைச்சக்கரம் அசையவே இல்லை.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய திருகை என் வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துத் திருகினார். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

"இது செத்துப்போச்சு. நாளைக்குப் புதுக்கோட்டை போற லாரியில ஏத்தி, பழைய இரும்புக்குப் போட்டுர்றேன்" என்றவர், கடைசி முயற்சியாகச் சுத்தியலைத் தூக்கினார்.

"அடிச்சா வெடிச்சுரும் மச்சான். இன்னிக்கு ஒரு பொழுது என் கையில விடுங்க."

"பச்ச ஒடம்புக்காரிக்கு வீம்பப் பாரு" என்றார் மாமி. "விடுடா, அவ அத்தா வீட்டு இரும்புதானே."

பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பெரிய திருகின் முகத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கொண்டை ஊசியால் பிசினைச் சுரண்டினால், பெரியதைப் பூட்டி வைத்திருக்கும் குட்டித் திருகு! அதைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்ததும் பெரியது சுழன்று வந்துவிட்டது. சக்கரம் மட்டும் அச்சை விடவில்லை.

ஒரு டம்ளருக்குள் இன்னொன்று சிக்கிக்கொண்டால் வெளி டம்ளருக்கு வெந்நீர் காட்டுவோமே, அந்த நினைப்பு வந்தது. மண்ணெண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தேன். கொதிநீரில் நனைத்த துணியைச் சக்கரத்தில் சுற்றினேன். ஆற ஆற மாற்றினேன். பிறகு பின்பக்கம் மரக்கட்டையால் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினேன். மயிரிழை நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். அப்புறம் முழுச் சக்கரமும் என் மடியில் விழுந்தது.

"இதுக்காடா லாரி பிடிக்கப் போனே?" என்று மாமி மகனைக் கேட்டார். என் வீட்டுக்காரர் சுத்தியலைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "இந்த வித்தைய மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார்.

துடைத்து மாட்டி, அன்று அந்தியிலேயே பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டில் மெஷின் நின்றாலும், "எங்க வீட்டுல வந்து கேளுங்க" என்று அனுப்பிவைத்தவர் என் வீட்டுக்காரர்தான். மாமியும் பெருமையாகத் தலையாட்டுவார். ஆனால் எண்ணெய்ப் புட்டியை மட்டும் அவர் கைக்கு எட்டாத உயரத்தில்தான் வைத்திருந்தேன்.