வயலினுக்குப் பெயர் பாண்டிக்குடி

அப்பா மட்டாஞ்சேரியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தவர். நீளமான இரும்புச் சாவி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். ரோட்டோரத்து மூடியைத் தூக்கி, சாவியைக் குழிக்குள் விட்டு, வால்வைத் திருகுவார். கூவப்பாடத்துக்குத் தண்ணீர் வரும்போது சேர்லாயில் நின்றிருக்கும். சேர்லாயில் வரும்போது சுள்ளிக்கலில் நின்றிருக்கும். எங்கள் வீடு இருந்த பாண்டிக்குடிக்கு மட்டும் அடைக்கிற நேரம் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போகும். அதைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் புகார் கொடுத்ததாக நினைவில்லை.

அவர் ஓய்வு பெற்ற சமயம், தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஒரு கானமேளா குழுவில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்தேன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போய் சினிமாப் பாட்டுப் பாடும் குழு. பெண் மேடை ஏறப் போகிறாள் என்றதும் அப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு துணைக்குக் கிளம்பிவிட்டார். யாரிடமிருந்து என்னைக் காப்பாற்றப் போகிறார் என்று அவருக்கும் தெரியாது. "இவ வாய்க்கு மத்தவங்களுக்குத்தான் தொணை வேணும்" என்றாள் அம்மா.

எங்கள் கீபோர்டு ஓர் ஊமை. கட்டைகளை அமுக்கினால் அதிலிருந்து ஒரு சத்தமும் வராது. மிடி வயர் என்று ஒன்று அதன் முதுகிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டிக்குப் போகும். வாத்தியங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளே இருந்தன. பியானோ ஒரு சேனலில், புல்லாங்குழல் ஒரு சேனலில், வயலின் இன்னொன்றில். வாத்தியம் மாற வேண்டுமானால் கீபோர்டின் இடது ஓரத்தில் உள்ள பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நம்பர் எழுதிய கட்டை ஒன்றைத் தட்ட வேண்டும். பட்டன் அமுங்கியிருக்கும் அந்த நொடியில் மற்ற விரல்கள் எதன்மேலும் படக் கூடாது. பட்டால் சம்பந்தமில்லாத சேனல் திறந்துகொள்ளும். இதைச் செய்த புண்ணியவான் ஒரு கச்சேரியைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டான். இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டிருப்பவள் பட்டனுக்கும் நம்பருக்கும் வேறு கைக்கு எங்கே போவாள்?

அந்தக் கை என் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது. ஒத்திகை ஒன்றில் நான் எரிச்சலாகப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்.

"அந்த லைனை அடைச்சிட்டு இந்த லைனைத் தொறக்கணும், அவ்வளவுதானே பாப்பா?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து சேனல் மாற்றுவது அப்பாவின் உத்தியோகம் ஆயிற்று.

முதலில் நம்பர் சொல்லித்தான் பழகினோம். நான் 'டூ' என்றால் புல்லாங்குழல், 'த்ரீ' என்றால் வயலின். முதல் கச்சேரியில் டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டி, பாட்டைத் தொடங்குவதற்காக "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணினார். அப்பா கடமை தவறாமல் நான்கையும் வரிசையாகத் திறந்துவிட்டார். பியானோவில் மெதுவாகத் தொடங்க வேண்டிய தாலாட்டு, நாலாம் நம்பர் டிரம்பெட்டில் தொடங்கியது. முன்வரிசையில் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் அலறிக்கொண்டு எழுந்தன.

நம்பர் வேண்டாம் என்று நான் சத்தம் போட்டேன். அப்பா யோசித்து, தனக்குத் தெரிந்த வழியில் பெயர் வைத்தார். பியானோவுக்குக் கூவப்பாடம். புல்லாங்குழலுக்குச் சேர்லாய். டிரம்பெட், சத்தத்துக்கு ஏற்றபடி, சுள்ளிக்கல் சந்தி. வயலின் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால் அதற்குப் பாண்டிக்குடி. அதற்குப் பிறகு நான் மேடையில் பல்லைக் கடித்துக்கொண்டு "சேர்லாய்!" என்பேன், குழல் வரும். "கூவப்பாடம்!" என்பேன், பியானோ வரும். எங்கள் குழுவை நடத்திய பாடகரை எல்லோரும் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். மலையாளி, எங்களிடம் பாதித் தமிழில் பேசுவார். ஒரு நாள் பாட்டு முடிந்ததும் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

"மோளே, இது கானமேளயோ, பிரைவெட் பஸ்ஸோ?"

அப்பாவுக்குக் கை பழகிவிட்டது. ஒரே ஒரு குறைதான். நான் "கூவப்பாடம்" என்று எத்தனை அழுத்திச் சொன்னாலும், திறந்திருப்பது பாண்டிக்குடியாக இருந்தால் உடனே அடைக்க மாட்டார். வயலின் இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டுவிடுவார். பியானோ வர வேண்டிய இடத்தில் வயலின் சாவகாசமாக இழுத்துக்கொண்டிருக்கும். சேட்டன் பாடிக்கொண்டே கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்ப்பார். அப்பா வேறெங்கோ பார்ப்பார். கேட்டால், "பாவம், நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு" என்பார்.

சில வருஷங்கள் இப்படியே போயின. பிறகு ஒரு நாள் சேட்டன் பிராட்வே கடையொன்றில் சொல்லிவைத்துப் புதுக் கீபோர்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கு ஒரு பெடல் உண்டு. எந்த வாத்தியத்துக்குப் பின் எது என்று முன்கூட்டியே பதிந்து வைத்துவிட்டால், பாட்டு நடுவே காலால் ஒரு மிதி. அடுத்த வாத்தியம் வந்துவிடும். சேட்டன் என்னிடம் அதைச் செய்துகாட்டிவிட்டு, தேன் தடவின குரலில் சொன்னார்.

"இனி ஸ்டேஜில ஆர்ட்டிஸ்டுங்க மட்டும் போதும் மோளே. அச்சன் தாழெ இருந்து சுகமா பாட்டு கேக்கட்டே."

"அப்போ அவர் ஆர்ட்டிஸ்ட் இல்லையா?" என்று நான் எகிறினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆத்திரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா, "நல்லதாப் போச்சு. அந்த ஸ்டூல்ல இடுப்பு கடுக்குது" என்றார். பிறகு எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்தார். மறுநாள் அடுப்படிக் குழாய். அப்புறம் முற்றத்துக் குழாய். ஒழுகாத குழாய்களை எல்லாம் கழற்றி மாட்ட ஆரம்பித்தார். அதன் பிறகு அவை ஒழுக ஆரம்பித்தன. ஒரு காலையில் அம்மா நனைந்த புடவையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்த மனுசனை எங்கியாவது கூட்டிட்டுப் போடீ. வீட்டுல இனி ஒரு குழாயும் மிச்சமில்ல."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோதுகூட அவர் இப்படி வாடியதில்லை. அந்த ஸ்டூல் அவருக்கு வேண்டியிருந்தது. எனக்கும் அவர் அதில் உட்கார்ந்திருப்பது வேண்டியிருந்தது. வாசிக்கும்போது பக்கத்தில் அந்த இஸ்திரிச் சட்டை வாசனை இல்லாமல் எப்படி வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெடலோடு நான் வாசித்த முதல் கச்சேரி ஒரு கோயில் திருவிழாவில். அப்பா அதே வெள்ளைச் சட்டையில், அம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டு தொடங்கியது. காலால் மிதித்தேன், குழல் வந்தது. பெடல் என்னமோ சொன்னபடி கேட்டது. தற்செயலாக அப்பாவைப் பார்த்தேன். மடியில் இருந்த அவருடைய வலது கை மெல்லத் திரும்பியது, குழிக்குள் சாவியைத் திருகுவது போல. அவர் முகம் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கை செய்வது அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வயலின் வந்தது. பிறகு பியானோ வர வேண்டிய இடமும் வந்தது. என் கால் பெடலுக்கு மேலே தயாராக இருந்தது. அப்பாவின் கை திரும்பவில்லை. நானும் மிதிக்கவில்லை. வயலின் பாட்டுக்குள் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. சேட்டன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் மடியில் இருந்த கை அரைமனதாகத் திரும்பியது, அப்போது மிதித்தேன்.

"எந்தா மோளே இது?" என்றார் சேட்டன், பாட்டு முடிந்ததும்.

"பெடல் புதுசு இல்லையா சேட்டா, இறுகியிருக்கு" என்றேன்.

அடுத்த கச்சேரி கலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. அங்கேயும் அப்பா முன்வரிசையில் இருந்தார், அங்கேயும் பெடல் இறுகியிருந்தது. அதற்கடுத்த கச்சேரியிலும் அது தளரவில்லை. சேட்டனே குனிந்து உட்கார்ந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி அமுங்கியது. அவர் என்னைப் பார்த்தார். கீழே முன்வரிசையைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை.

"சரி. அச்சனைக் கூட்டிட்டு வா" என்றார். "எப்படியும் தப்பு வரும்னா, திட்டறதுக்கு ஒரு ஆளாவது வேணுமல்லோ."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அடுத்த கச்சேரிக்கு அப்பா நேரத்துக்கு முன்பே மேடையேறி, ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போட்டு உட்கார்ந்தார். தரையில் கிடந்த பெடலைப் பார்த்து முகம் சுளித்தார். "வாத்தியத்தைப் போய் ஏம்மா மிதிக்கிறே?" என்று அதைத் தூக்கி, தூசி தட்டி, மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்தத் தெரு?" என்றார்.

"அதுக்குத் தெருவெல்லாம் தெரியாதுப்பா. அமுக்கினா அடுத்தது தானா வரும்."

"வரட்டும். நீ தெருவைச் சொல்லு."

டிரம்ஸ்காரர் எண்ணினார். அப்பா அசையவில்லை. பாட்டு எழுந்தது; முதல் சரணத்துக்கு முன்னால் நான் "பாண்டிக்குடி" என்றேன். அவர் இரண்டு கட்டைவிரலாலும் அமுக்க, வயலின் வந்தது. வாசித்துக்கொண்டே போனேன். பியானோ வர வேண்டிய இடம் வந்தது. அப்பா அமுக்குவதற்குத் தயாராக, இந்த முறை தாமதிக்கவே போவதில்லை என்ற முகத்தோடு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். 'கூவப்பாடம்' என்று நான் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.