நூற்றுப்பத்து பாகை முட்டி

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் மனித முழங்காலுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. முட்டி எத்தனை பாகை மடங்கினால் மூட்டில் எவ்வளவு பாரம் ஏறும் என்று என் சமன்பாடுகள் சொல்லும். நூற்றுப்பத்து பாகைக்கு மேல் முட்டி மடங்காது என்று நானே எல்லையும் போட்டிருந்தேன்.

முடிச்சூரில் என் வீட்டில் டைல்ஸ் மாற்ற ஒருவர் வந்தார். காலையிலிருந்து குந்தியபடியே ஹால் முழுக்க வாத்து மாதிரி நகர்ந்துகொண்டிருந்தார். தொடை கெண்டைக்கால்மீது அப்படியே படிந்திருந்தது. என் கணக்குப்படி அப்படியொரு மனிதர் இருக்கவே முடியாது. எனக்குக் கோபம்கூட வந்தது. பாகைமானியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"இன்னா சார், டைல்ஸ் கோணலா கீதா?"

"டைல்ஸ் இல்லண்ணா, உங்க முட்டிய அளக்கணும்."

அளந்தேன். நூற்றைம்பதைத் தாண்டியது. என் எல்லையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிமெண்ட் பூசும் கரணையைக் கீழே வைத்தார்.

"அந்த நூத்திப்பத்து யாரு முட்டி சார்?"

என்னுடையதுதான். கணக்கு எழுதிய அன்று வேறு ஆள் கிடைக்கவில்லை என்று, நாற்காலியை விட்டு எழாத என் காலையே அளந்து, மேலே 'மனித முழங்கால்' என்று தலைப்பும் எழுதியிருந்தேன்.

"நீங்க குந்துங்க, பாக்கலாம்."

வீம்புக்குக் குந்தினேன். எல்லையைத் தாண்டி உட்கார்ந்தும்விட்டேன். எழத்தான் முடியவில்லை.

சிமெண்ட் கையால் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: "எழுந்துக்கறதுக்கு இன்னும் கணக்கு எழுதலியா சார்?"