ஒன்றாம் இலக்கம் யாருக்கு

ஒரே வளவில் இரண்டு மருமகன்களைக் குடிவைத்த என் அம்மாவுக்குத் துணிச்சல் அதிகம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைமார் பெட்டியோடு வந்து சேருவார்கள். அக்காவின் கணவரான அத்தானும் என் கணவரும் அப்படி வந்தவர்கள். தாய்வழியில் வேறு வேறு குடி. கோயிலில் எந்தக் குடிக்கு முதல் காளாஞ்சி மரியாதை என்ற வழக்கைச் சாப்பாட்டு நேரத்திலும் விடமாட்டார்கள். அம்மா இரண்டு கையிலும் இரண்டு சோற்றுத் தட்டை ஏந்திவந்து, இருவர் முன்னாலும் ஒரே நேரத்தில் வைப்பார்.

சுனாமி வந்த காலையில் அம்மா கடற்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். காட்டுவதற்கென்று எங்கள் கலியாண ஆல்பங்களையும் கொண்டுபோயிருந்தார். அம்மாவும் திரும்பவில்லை, ஆல்பங்களும் திரும்பவில்லை. மிஞ்சியவை அத்தானின் கொம்பியூட்டரில் கிடந்த படங்கள் மட்டும். என் கலியாணத்தில் அவருடைய கமெராவில் எடுத்தவை.

சில வருடங்களில் அந்தக் கொம்பியூட்டர் அரிசி ஆலை மாதிரி இரையத் தொடங்கியது. சிடி போடும் தட்டு திறக்காது. பட்டணத்துக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கழற்றிக் காட்டவேண்டும். அது நின்றுவிட்டால் அம்மாவின் முகமும் போய்விடுமே என்று எனக்குப் பயம். என் கணவரின் கொம்பியூட்டருக்கு நேராக ஒரு வயர் இழுத்துப் படங்களை மாற்றுவதென்று முடிவானது. யார் பெட்டியை யார் வீட்டுக்குத் தூக்குவது? இருவரும் அசையவில்லை. ஏறாவூரில் வாங்கிய நீள வயர் அத்தான் வீட்டு ஜன்னலால் புறப்பட்டு, முருங்கையைச் சுற்றி, எங்கள் ஜன்னலால் நுழைந்தது.

இணைப்பு வரவில்லை.

“உங்கட பக்கம் வயர் கழண்டிருக்கும் தம்பி!” என்று அத்தான் அங்கிருந்து கத்தினார்.

“இஞ்ச எல்லாம் சரி அண்ணன். உங்கட பெட்டிதான் பழசு!” என்றார் என் கணவர்.

பிறகு இருவரும் சேர்ந்து முற்றத்தில் நின்ற எங்கள் ஆட்டின் மீது பழியைப் போட்டார்கள். பாவம், அது வயரை முகர்ந்துதான் பார்த்தது.

நான் தேத்தண்ணியோடு இரண்டு வீட்டுக்கும் நடந்தேன். இப்படி இணைக்க, ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் ஓர் இலக்கம் கொடுக்கவேண்டும். கடைசி எண் வேறுபட வேண்டும். இது இருவருக்கும் தெரியும். அத்தானின் திரையில், இந்த இலக்கம் வேறொருவரிடம் இருக்கிறது என்று ஓர் அறிவிப்பு வந்தது. நுளம்பை அடிப்பதுபோல அதை அமத்தி மூடினார். எங்கள் வீட்டிலும் அதே அறிவிப்பு, அதே அமத்தல். இரண்டிலும் கடைசி எண் ஒன்று. இரண்டு என்று போட ஒருவருக்கும் கை வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. முற்றத்தின் நடுவில் நின்று கத்தினேன்.

“ஒண்டு அம்மாக்கு! அதில ஆரும் கை வைக்கப்படா. அத்தான் ரெண்டு, நீங்க மூண்டு. இப்பவே போடுங்க!”

இரண்டு ஜன்னலாலும் எழுத்துக்கட்டை தட்டும் ஓசை கேட்டது.

படங்கள் வரத் தொடங்கியதும் அத்தானும் அக்காவும் எங்கள் வீட்டுக்கே ஓடிவந்தார்கள். பல படங்களில் அம்மாவின் முதுகுதான் இருந்தது. ஒன்றில் மட்டும் முழு முகம். விருந்துப் பாயில் மாப்பிள்ளைக் கோலத்தில் என் கணவர், பக்கத்தில் அத்தான். எதிரே அம்மா, இரண்டு கையிலும் இரண்டு தட்டு.

இருவரும் அழுதார்கள். நானும் அக்காவும் கண்ணால் கண்டோம். யார் முதலில் என்று கேட்டால், இன்றுவரை ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். அந்த முதலிடம் மட்டும் இருவருக்கும் வேண்டாமாம்.