பழைய பெட்டியில் பதினேழாம் நம்பர்

என் கணவருக்கு வேலை, பழைய இரும்பை உருக்கும் ஆலையில். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்படிப்பட்ட ஆலைகள் நிறைய. லாரி லாரியாக வரும் உடைந்த சைக்கிள், பீரோ, கட்டில், கார் எல்லாவற்றையும் உலையில் தள்ளுவார்கள். பன்னிரண்டு வருஷமாக அதைச் செய்துவந்தவர், ஒரு நாள் ஆலை வாசலில் வந்து நின்ற அம்பாசிடர் ஒன்றைப் பார்த்து மனம் இளகிவிட்டார். எடைபோட்டு விலை கொடுத்து வாங்கி, பழைய சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துக் காகிதங்களையும் மாற்றிக்கொண்டு, கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தார். கசாப்புக்கடையில் வேலை பார்க்கிற மனுஷன் ஒரு ஆட்டை மட்டும் வீட்டுக்குக் கூட்டி வருவானா? இவர் கூட்டி வந்தார்.

இரண்டு வருஷம் அது வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. தினமும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நான் பக்கவாட்டில் நகர்ந்துதான் வெளியே போக வேண்டும். காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கத் திருவள்ளூரில் வண்டியைக் காட்ட ஒரு வியாழக்கிழமை தேதி கிடைத்தது. நானும் பொறுமையிழந்து கறாராகச் சொன்னேன்.

"வியாழக்கெழம பாஸ் ஆவலன்னா, அது வந்த எடத்துக்கே போயிடணும். உலைக்கு."

"சரி," என்றார். அன்றிலிருந்து மதியச் சோற்றைக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார்.

இதற்கிடையில் எங்கள் வீட்டுக்குள் ஒரு புதுப் பாஷை நுழைந்திருந்தது. ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் ஒரு பட்டம். கார் கம்பெனி தன் பெயர் போட்ட பெட்டியில் விற்றால் 'ஜென்யூன்'. அதைக் கம்பெனிக்குச் செய்து கொடுத்தவரே தன் பெட்டியில் போட்டு விற்றால் 'ஓ.இ.எம்.' சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் செய்து விற்றால் 'ஆஃப்டர் மார்க்கெட்'. இவை எல்லாவற்றுக்கும் மேலே, கோயிலில் சிறப்புத் தரிசன வரிசை மாதிரி, 'என்.ஓ.எஸ்.' அந்தக் காலத்தில் செய்து, விற்காமல் கடையில் தங்கிப்போய், ஒரு நாளும் வண்டியில் மாட்டாத சாமான்.

"அப்போ அது பழசா, புதுசா?"

"பழைய புதுசு," என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

அந்த வாரம், கார் கம்பெனி பெயர் போட்ட பழைய பெட்டியில் வந்து சேர்ந்த பழைய புதுசு, இன்ஜின் மவுண்டிங். இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே ஒட்டிய ரப்பர் கட்டை. இன்ஜினே அதன்மேல்தான் உட்காரும். காரில் இருந்தது பிளந்துவிட்டதால், வண்டியை ஸ்டார்ட் செய்தால் கதவு நான்கும் தாளம் போட்டன. வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்தால் அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். ஏனென்றால் ரப்பர் என் தொழில். கார்களுக்கு ரப்பர் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் கடைசிச் சோதனை மேஜைக்காரி. நான் பார்த்து விட்டால்தான் சாமான் வெளியே போகும். நான் விட்ட ஒவ்வொன்றின்மேலும் மஞ்சள் மையில் 17 என்று இருக்கும். அது என் நம்பர்.

அவர் பெட்டியிலிருந்த ரப்பரை வாங்கி விரலால் வளைத்தேன். குளிர்காலத்துக் குதிகால் மாதிரி வெடிப்பு விட்டது. இரும்பு காத்திருக்கும், ரப்பர் காத்திருக்காது; பெட்டிக்குள் இருந்தாலும் கிழடு தட்டிவிடும். தகட்டின் ஓரத்தில் இருந்த சின்ன முத்திரையையும் காட்டினேன். அது எங்கள் தொழிற்சாலை முத்திரை.

"இதே அச்சு இன்னும் எங்ககிட்ட இருக்குதுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவ போடுறோம். நான் புதுசு வாங்கியாறேன்."

"அது எந்தப் பெட்டில வரும்?"

"பெட்டி ஏது? பிளாஸ்டிக் கவர்தான்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்போ கம்பெனிக்குன்னு பார்த்துப் பார்த்து செஞ்சாங்க. இப்போ ஊருக்குன்னு செய்யறீங்க. அது வேற, இது வேற. கவர்ல வர்றதெல்லாம் டூப்ளிகேட்டு."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. பதினோரு வருஷமாக நான் கண் எரிய எரியப் பார்த்து அனுப்பிய சாமானைக் கட்டிய புருஷனே டூப்ளிகேட் என்கிறார்! கார் பிழைக்க வேண்டும் என்பதைவிட என் ரப்பர் ஜெயிக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் கவலை. அந்தக் கவலையோடுதான் மறுநாள் எங்கள் ஸ்டோரில் ரசீது போட்டு ஒன்றை வாங்கி வந்தேன்.

புதன்கிழமை அவர் குளிக்கப் போனார். பெட்டியின் ஒட்டுத்தாள் பசை செத்துத் தானாகவே திறந்துகொண்டது. கிழட்டு ரப்பரை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். பளபளவென்று கறுப்பாக இருந்தது, காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்சம் முகப் பவுடரைத் தடவினேன். உடனே முப்பது வயது கூடிவிட்டது. எனக்குப் போட்டால் ஒரு வயதுகூடக் குறைவதில்லை. 17ஐ அழித்திருக்கலாம். கை வரவில்லை. அதன்மேல் மட்டும் இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டேன்.

அவர் மாட்டினார். இன்ஜின் முனகாமல் ஓடியது. கதவுகள் வாயை மூடிக்கொண்டன.

"பார்த்தியா? ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்."

"ஆமாங்க," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவ்வளவு அடக்கமாகப் பேசியதில்லை.

வியாழக்கிழமை வண்டி பாஸ் ஆனது. வெற்றியைத் தன் போனில் இருக்கும் பழைய கார்க்காரர்கள் குரூப்பில் போட, அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் படம் எடுத்தார். திருவள்ளூர் போய்வந்த ஆட்டத்தில் பவுடர் உதிர்ந்துவிட்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் குரூப்பில் யாரோ கேட்டிருக்கிறார்: மஞ்சளாகத் தெரிகிற பதினேழு என்ன, ஜென்யூனில் அப்படி வராதே?

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சுவரில் ஆணியில் தொங்கிய என் வேலைக் கோட்டைப் பார்த்தார். அதன் பாக்கெட்டிலும் 17 என்று தைத்திருக்கும். மறுபடி படத்தைப் பார்த்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"டெஸ்ட்டுக்கு மாட்டுனது இரவல் வைப்பராச்சே, சொந்தமா ஒண்ணு வாங்கப் போனேன். ஜென்யூன்னு பெட்டியோட குடுக்கறான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கயும் உன் நம்பர் இல்ல. டூப்ளிகேட்ட வச்சிக்கினு ஏமாத்துறியான்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

"நாங்க வைப்பரே செய்யறதில்லையேங்க!"

"அப்போ நீங்க செய்யற வரைக்கும் வாணாம்," என்றார்.

இந்த மழைக்காலம் முழுக்க எங்கள் காருக்கு வைப்பர் கிடையாது. தூறல் விழுந்தால் அவர் ஓரமாக நிறுத்துவார்; நான் இறங்கி, முந்தானையால் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறிக்கொள்வேன். நனைந்தாலும் சந்தோஷமாகத்தான் துடைக்கிறேன்.