தனபால் அண்ணனின் இ டிரைவ்

ஏலக்காய்க் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அண்ணே, அவரு போயிட்டாரு" என்றார் தனபால் அண்ணனின் மனைவி. மாரடைப்பாம். முந்தின நாள் சாயங்காலம் என்னோடு டீ குடித்த மனிதர். அழுகைக்கு நடுவே அவரே சொன்னார்: "கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கு, குரங்கணி மலைக்குப் போனப்ப எடுத்த அந்தப் போட்டோவப் போடணும்ணே. ஜீப்புப் பக்கத்துல சிரிச்சிக்கிட்டு நிப்பாரே, அது. கடைக் கம்ப்யூட்டர்ல இ டிரைவுலதான் இருக்குன்னு சொல்லுவாரு."

கடையின் அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக் காத்தவர் எங்களோடு வேலை பார்த்த அண்ணன்தான். பில் போடும் புரோகிராம் இ டிரைவைத் தவிர வேறெங்கும் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். இ-யாக இருந்த டிஸ்க் ஒரு இடிமழையில் செத்துப்போனது; அண்ணன் அதைக் கழற்றி எறிந்தார். மறுநாள் பார்த்தால் இ டிரைவ் திரும்பி வந்திருந்தது. முதலாளிக்கு ஏக சந்தோஷம். பத்திரமாக இருக்கட்டும் என்று சி டிரைவில் இருந்ததையெல்லாம் இ-யில் நகல் போட்டுவைத்தார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"மொதலாளி, இ-ன்னு ஒரு டிஸ்கே கெடையாது. சி-க்குள்ள இருக்கிற போல்டர் ஒண்ணுக்கு நான் வச்ச பேரு அது. காலி எடம் ரெண்டுலயும் ஒண்ணாக் காட்டுது பாருங்க. சி போனா இதுவும் சேந்து போயிரும்."

முதலாளி புரிந்த மாதிரி தலையாட்டினார். எனக்கும் விளங்கவில்லை. தினமும் காலையில் அண்ணன் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார். கம்ப்யூட்டரை அணைத்தால் அந்தப் பேரை அது மறந்துவிடும்; வரியைத் தட்டிய பிறகுதான் இ வரும். தானாக வரும்படி வைத்துவிடலாமே என்று கேட்டேன்.

"வச்சா நெசமான டிஸ்குன்னு நம்பிருவீக மாப்ளே" என்றார். அப்போதும் நாங்கள் நம்பிக்கொண்டுதான் இருந்தோம்.

போன் வந்த காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். இ இல்லை. டிஸ்க் போய்விட்டது, போட்டோவும் போயிற்று என்று நினைத்தேன். முதலாளி தேனி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அதற்குள் மறுபடி போன்: "கெடச்சிருச்சாண்ணே? வெரசா அனுப்புங்க." கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு டிஸ்க், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவர் சொன்னது உறைத்தது. டிஸ்க் எங்கும் போகவில்லை. அந்த வரியைத் தட்டுகிற ஆள்தான் வரவில்லை. சி-க்குள் தேடினேன். எங்கள் பில்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது போட்டோ. ஜீப்பில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் போடியில் போஸ்டர் ஒட்டியாயிற்று. பஸ் ஸ்டாண்டுச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

இல்லாத டிஸ்க் எப்படி இருப்பதாகத் தெரிந்தது என்பது இன்று புரிந்துவிட்டது, அண்ணே. இப்படிச் சிரிக்கிற நீங்கள் இல்லை என்பதுதான் எவ்வளவு யோசித்தும் புரியவில்லை. போய் வாருங்கள்.